திரைச்சீலை வளையத்தில் ஒரு மாலை

என்னங்க,

சாப்பாடு மேஜைமேல் மூடி வைத்திருக்கிறேன். கோபத்தைப் பட்டினி போடுங்கள், வயிற்றை விட்டுவிடுங்கள்.

எனக்காக நீங்கள் செய்த மாலையைப் பார்த்து, “குப்பைக்குக் கோந்து தடவினால் கலையாகிவிடுமா?” என்று நேற்று உங்கள் அண்ணன் எதிரில் கேட்டது தப்புதான். ஆனால் அதற்கு முன் பழைய பொத்தானில் தோடு, பிளாஸ்டிக் கரண்டியில் விளக்கு என்று ஒன்றரை மணி நேரம் வகுப்பெடுத்தீர்களே. பாவம், மனுஷர் டீ குடிக்க வந்தவர்.

அந்த மாலையில் கோத்திருப்பது முழுக்கப் படுக்கையறைத் திரைச்சீலை வளையங்கள் என்பது இன்று காலையில்தான் தெரிந்தது. திரையில்லாத ஜன்னல் முன்னால் பாதி உடுத்தி நிற்கிறேன், எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே எனக்குக் கையசைக்கிறார். சாயங்காலத்துக்குள் அந்த ஜன்னலில் ஒரு போர்வையை ஆணியடித்து மாட்டிவிடுங்கள். தயவுசெய்து கோந்து வேண்டாம்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: ராத்திரி கோபத்தில் நீங்கள் குப்பைத்தொட்டியில் போட்ட மாலையைக் கழுவித் துடைத்து, ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். யார் கேட்டாலும் என் வீட்டுக்காரர் செய்தது என்றுதான் சொல்வேன். மானம் போனால் ரெண்டு பேருக்கும் சேர்ந்தே போகட்டும்.