தாராளம் விடாமல் தைத்த கோட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, தம்பி மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் காலையில் கொஞ்சம் முணுமுணுக்கும், ஸ்கூல் பஸ்ஸில் ஏறி கிளட்சை மிதிக்க ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொள்ளும். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறோம். நம்புகிறோம் என்பது என் வார்த்தை, நிஜமாவே சாப்பிடுறாளான்னு கேளுங்க என்பது அம்மாவின் வார்த்தை, இரண்டையும் போட்டுவிட்டேன்.

பார்சலைப் பிரித்ததும் கோட்டைத்தான் முதலில் எடுப்பாய், அதன் உள்பையில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன், போட்டுப் பார்க்கும்போது கையில் தட்டுப்படும். போனில் சொன்னால் நீ சரிப்பா, சரிப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய், கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். அன்றைக்கு நீ பேசியதிலிருந்தே வருகிறேன். ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குத் தலைமைப் பொறுப்பு காலியாகிறது, நேர்காணலுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய், நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் எதைப் போட்டுக்கிட்டுப் போறதுன்னே தெரியலப்பா என்றாய். கேள்வி கேட்கப் போகிறவர்கள் எல்லாரும் இத்தனை வருஷமாக உன்னைத் தினமும் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் பார்க்கிறவர்கள், வெள்ளைக் கோட்டோட போனா அதே பழைய ஆள், புதுசா எதையாவது போட்டா வேஷம் கட்டின மாதிரி இருக்கும் என்று புலம்பினாய். அதுவரைக்கும் நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். பிறகு குரலை இறக்கி, போகாம விட்டுடலாமான்னு இருக்குப்பா, அந்த நாற்காலி எனக்கு ஒரு அளவு பெரிசு என்றாயே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்றது. போன தடவை உன்னைத் தாண்டி வெளியாள் ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தது உனக்கு இன்னும் உறுத்துகிறது என்று தெரியும். துணியைப் பற்றிக் கேட்டாலும் உன் கவலை துணியில் இல்லை என்பது புரியாத அளவுக்கு உன் அப்பா மக்கு இல்லை. இருந்தாலும் துணியிலிருந்தே ஆரம்பிப்போம், கைக்கு எட்டுவது அதுதான்.

நீ போனை வைத்த உடனே இங்கே ஒரு மாநாடே நடந்தது. தம்பி கறுப்புதான் கெத்து என்றான், அவனுக்கு எல்லாவற்றுக்கும் கறுப்புதான், வயரிங் வேலைக்குப் போகிறவன் கரி பிடித்தால் தெரியாது என்று பழகியவன். அத்தை வந்திருந்தாள், கழுத்துல ஏதாவது பளிச்சுன்னு போட்டுக்கிட்டுப் போகச் சொல்லு, பார்க்கிறவங்களுக்கு ஒரு மதிப்பு வரணும் என்றாள், வந்த வேகத்தில் தன் சங்கிலியைக் கழற்றக்கூடப் போய்விட்டாள், நான்தான் அங்கே கல்யாணம் நடக்கவில்லை என்று தடுத்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், டீ குடித்ததும் இறக்கிவிட்டாள். அம்மா டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நீ பேசியது முழுக்க அவளும் கேட்டிருக்கிறாள். பாத்திரம் கழுவும்போது திடீரென்று, ஒரு அளவு பெரிசாமே, இவளுக்கு எதுதான் பெரிசா இல்லாம இருந்துச்சு என்றாள். என்னிடம் சொன்னாளா குழாயிடம் சொன்னாளா தெரியவில்லை. மறுநாள் காலையில் நீ போன லீவில் கொடியிலேயே மறந்துவிட்டுப் போன நீலச் சட்டையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, வாங்க தையல்காரர்கிட்ட போகலாம், கோட்டு தைக்கணும் என்று நின்றாள்.

நம் வீட்டுக்கும் அந்தத் தையல்காரருக்கும் உள்ள சமாச்சாரம் உனக்குத் தெரிந்ததுதான். நீ பாலர் வகுப்புக்குப் போன காலத்திலிருந்து அம்மா அவரிடம் சொன்ன ஒரே வார்த்தை, கொஞ்சம் தாராளமாத் தைங்க, வளர்ற பிள்ளை. கையில் ஒரு விரல் தாராளம், இடுப்பில் ஒரு பிடி தாராளம், கீழே மடித்துத் தைத்த துணியில் இன்னொரு பிள்ளைக்குப் பாவாடை தைக்கலாம். அந்தத் தெருவில் நமக்குத் தாராளம் வீடு என்றே பேர். தப்பு ஒன்றும் இல்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பள்ளி திறக்கும் அன்று என் பஸ்ஸின் கண்ணாடியில் பார்க்கிறேன், சட்டைகள்தான் வரிசையாக ஏறுகின்றன, பிள்ளைகள் உள்ளே எங்கேயோ இருக்கிறார்கள், அரைப் பரீட்சை வரும்போது கை தெரிய ஆரம்பிக்கும். ஆனால் நம் வீட்டில் மட்டும் அது பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. நீ முதல் வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோதும் ஷூ ஒரு அளவு பெரிதாகவே வாங்கி நுனியில் பஞ்சு அடைத்துக் கொடுத்தாள். உள்ளே போகும்போது ஒரு ஷூ வாசலிலேயே நின்றுவிட்டது, நீ மட்டும் மேஜை வரைக்கும் போய்விட்டாய். பெரிய டாக்டர் எட்டிப் பார்த்து, இன்னொண்ணும் உள்ள வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்றாராமே, நீ சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை. அன்றைக்கு அழுதுகொண்டா வந்தாய், வேலையோடு வந்தாய். அதே பெரிய டாக்டர்தான் இந்தத் தடவையும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறார் என்பதை நினைத்துக்கொள்.

சரி, கோட்டுக்கு வருகிறேன். துணியை அம்மா தேர்ந்தெடுத்தாள், கறுப்பும் இல்லை நீலமும் இல்லை, மழை வருவதற்கு முன்னால் இருக்குமே அந்த நிறம், பளபளப்பு கிடையாது, அழுத்தி உட்கார்ந்தாலும் கசங்காது, கடையிலேயே கையில் கசக்கிப் பார்த்துத்தான் வாங்கினாள், கடைக்காரர் முகம் அதைவிடக் கசங்கியது. அளவுக்கு உன் நீலச் சட்டையைக் கொடுத்தோம், அது நீயே போய் உனக்காக வாங்கிக்கொண்ட சட்டை, அதனால்தான் அதில் உன் அளவு இருந்தது. கோட்டு தைத்து வந்தது. அம்மா கட்டிலில் சட்டையை விரித்து அதன்மேல் கோட்டை விரித்தாள். கை ஒரு விரல் நீளம், தோள் இரண்டு பக்கமும் வெளியே நின்றது. அவள் இந்தத் தடவை தாராளம் என்ற வார்த்தையை வாயால் சொல்லவே இல்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன். போய்க் கேட்டதற்கு அந்த மனுஷன் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், நீங்க சொல்லணுமாக்கா, உங்க வீட்டுத் துணின்னா கத்திரி தானா ஒரு விரல் தள்ளித்தான் போகுது என்றார். பிறகு, உள்ள மடிச்சுப் பிடிச்சுக் கொடுத்துடறேன், உள்ள துணி அப்படியே இருக்கட்டும், பின்னால தேவைப்பட்டா பிரிச்சுக்கலாம் என்றார். அம்மா எப்போதும் சொல்கிற பேச்சு அது, அவர் இப்போது அவளிடமே சொல்கிறார்.

அம்மா கோட்டின் கையை விரலால் ஒரு தடவை அளந்து பார்த்தாள். பிறகு, வேணாம், வெட்டிடுங்க, அவ வளர்ந்துட்டா என்றாள். தையல்காரர் கத்திரியை எடுத்தவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன், வெட்டிவிட்டார். கீழே விழுந்த துண்டை அம்மா எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீ வேலைக்குப் போனபோதும், வெளியூரில் தனியாக வீடு எடுத்தபோதும் எனக்கு வராத நினைப்பு, நீ வளர்ந்துவிட்டாய் என்பது, ஒரு விரல் துணியை வெட்டும்போது வந்தது பாப்பா. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தாள், தக்காளி விலை, பக்கத்து வீட்டுக்காரர் பைப்பை மாற்றாமல் சுவரை ஊற வைப்பது, எல்லாம் பேசினாள்.

இனி நான் சொல்வதைக் கேள். கோட்டைப் போட்டுக்கொண்டு நின்று மட்டும் பார்க்காதே, உட்கார்ந்து பார், கையை மேலே தூக்கிப் பார், அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துப் பார், எங்கேயும் இழுக்கக் கூடாது. உள்ளே அந்த நீலச் சட்டையையே போடு, பார்சலில் துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறாள், பழகிய துணி உடம்போடு இருந்தால் பயம் பாதி குறையும். ஷூ புதிதாக வாங்காதே, இருக்கிறதைத் துடைத்துப் போட்டுக்கொள், பஞ்சு வேண்டாம். காதில் தொங்கட்டான் போடாதே, நீ பேசும்போது தலையை ஆட்டுகிறவள், நீ ஒரு பதில் சொல்ல அது ஒரு பதில் சொல்லும். வெள்ளைக் கோட்டை மருந்தகத்திலேயே மாட்டிவிட்டுப் போ. வேஷம் கட்டின மாதிரி இருக்குமே என்கிறாய், கட்டினால்தானே வேஷம், இது உன் உடம்பிலிருந்து எடுத்த அளவு. அவர்கள் உன்னைத் தினமும் பார்க்கிறார்கள் என்றால் நல்லதுதான், நர்ஸ் அம்மா அவசரத்தில் தப்பாக எழுதிய மருந்தை நீ ஜன்னலில் நிறுத்தி வைத்துப் போன் போட்டுக் கேட்டாயே, அதையும் பார்த்தவர்கள்தானே.

நாற்காலி ஒரு அளவு பெரிது என்றாய். இருக்கட்டுமே. பெரிய பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டப்பந்தயத்தில் ஓடியவள் நீ, கழன்று விழுகிற ஷூவோடு வேலை வாங்கியவள் நீ, உனக்கு அளவாகக் கிடைத்தது என்று நம் வீட்டில் எது இருந்தது. ஒவ்வொன்றும் பெரிதாகத்தான் வந்தது, கொஞ்ச நாளில் உனக்குச் சரியாகத்தான் போனது. அதனால் நானும் அம்மாவும் பேசி முடிவு பண்ணிவிட்டோம், இந்தத் தடவை கோட்டு அளவாக இருக்கட்டும், வேலை தாராளமாக இருக்கட்டும். கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் கோட்டு இருக்கிறது, அடுத்த இடத்துக்கும் அதுவே ஆகும். ஆனால் போகாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி உன்னிடம் பழைய ஹெட்போனைக் கேட்கச் சொன்னான், கேட்டுவிட்டேன், கொடுக்க வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி. அம்மாவும் நானும் எப்போதும் உன் பக்கம்தான், நினைத்தது எல்லாம் நல்லபடியாக நடக்கும், நன்றாக இரு.

மறக்காமல் ஒன்று. யோசிக்கும்போதெல்லாம் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டுக்கொள்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு, அளவான சட்டை போட்டாலும் அதைச் செய்கிறாய். அங்கே உட்கார்ந்து மடிக்காதே. மடிக்க அதில் துணி இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா

(அம்மா பக்கத்தில் நின்று முழுக்கப் படித்துவிட்டாள். அந்தத் துண்டுத் துணியைப் பற்றி ஏன் எழுதினீங்க என்று கோபம். அந்த வரியை அடித்துவிடவா என்றேன், இருக்கட்டும் என்றாள்.)