திரும்பிப் பார்க்காமல் நீட்டிய கை

லுட்ஸ்க், 4 மார்ச் 2018

என் உல்யாவுக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய். உனக்குச் சளி பிடித்தால் எனக்கல்லவா மூக்கடைக்கும்! போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

என் சிறுநீரில் மறுபடியும் ஊக்கமருந்து இருக்கிறதாம். போன தடவை இரண்டு வருடத் தடை, இந்தத் தடவை எட்டு. எனக்கு இப்போதே முப்பத்தொன்று. எட்டு வருடம் கழித்து நான் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடலாம். மைதானத்துக் காவல்காரர், "உத்தரவும்மா, நான் என்ன பண்ணட்டும்" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டு, அவரே அழ ஆரம்பித்துவிட்டார். நான்தான் தேற்றினேன்.

மே மாதம் மேல்முறையீடு. நீ வந்து சாட்சி சொல்ல வேண்டும். "நாலு வருஷமா ஒரே ரூம்ல இருக்கோம், வைட்டமின் மாத்திரையக்கூட என்னைக் கேட்டுட்டுதான் போடுவா" என்று போன தடவை விசாரணையில் மேசையைத் தட்டிச் சொன்னாயே, அதையே சொல். நீ சொன்னால் நம்புவார்கள். உன் முகம் அப்படி.

உன் அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தாசியா

*

சுமி, 19 மார்ச் 2018

தாசியாக் கண்ணு,

உன் கடிதம் வந்த அன்றே தடகளச் சம்மேளனத்திலிருந்தும் ஒன்று வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் உன்னுடையதைத்தான் முதலில் பிரித்தேன். உடனே ரயிலுக்குப் பதிவு செய்யக் கிளம்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டே அடுத்ததைப் பிரித்தேன்.

ஏழு வருடத்துக்கு முன் நாம் ஓடிய ரிலேயில் எடுத்த உன் சிறுநீரைப் பத்திரமாக வைத்திருந்து இப்போது திரும்பச் சோதித்திருக்கிறார்கள். அதிலும் இருந்ததாம். நம் நால்வரின் வெண்கலமும் செல்லாது, திருப்பி அனுப்ப வேண்டும். மற்ற இருவரும் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். நான் இன்னும் திட்டவில்லை.

அந்தப் பதக்கம் அப்பாவின் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. கேஸ் மீட்டர் பார்க்க வருகிறவரைக்கூட நிறுத்தி, "இது என் பொண்ணுது, தொட்டுப் பாருங்க, கனமா இருக்கும்" என்பார். டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷருக்கு வேறு பெருமை என்ன இருக்கிறது? அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ரிலேயில் நீ மூன்றாவது, நான் கடைசி. பின்னாலிருந்து "ஹோப்!" என்று நீ கத்தினதும் குச்சியை வாங்கக் கையைப் பின்னால் நீட்டுவேன். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் வேகம் போய்விடும் என்பதற்காக மட்டுமில்லை. நீதானே வருகிறாய் என்றுதான்.

நீ கூப்பிட்டால் மே மாதம் வருவேன். அதற்கு முன் ஒன்றே ஒன்று சொல். அந்த ரிலே அன்றைக்கு, உன் உடம்பில் மருந்து இருந்தது உனக்குத் தெரியுமா?

உல்யா

*

லுட்ஸ்க், 2 ஏப்ரல் 2018

உல்யா,

தெரியும்.

நீ வர வேண்டாம். மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுவிட்டேன். மருந்து கொடுத்த நம் கோச்சின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வைட்டமினை உன்னைக் கேட்டுத்தான் போட்டேன். இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நானும் விட்டுவிடுவேன். முப்பதாவது மீட்டரில் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிப் போகிற அந்தச் சுகத்தை விட எனக்கு மனசில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த ரிலேக்கு முந்தின வசந்தகாலம் முழுக்க கோச் என்னிடம் இரண்டு பாட்டில் கொடுத்தார். "இது உனக்கு. இது உல்யாவுக்கு. வைட்டமின்னு சொல்லு. நீ குடுத்தா அவ கேக்காம முழுங்குவா" என்றார்.

உன் பாட்டிலை ஒவ்வொரு வாரமும் கை கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, "குடிச்சிட்டா" என்று சொன்னேன். உன் வேகம் ஏறாததைப் பார்த்து, "மாட்டுவண்டி" என்று அவர் உன்னை எல்லார் முன்னாலும் திட்டினாரே, நீ போர்வைக்குள் அழுதாயே, அப்போதும் வாய் திறக்கவில்லை. சொன்னால் என்னுடையதையும் சொல்ல வேண்டுமே.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

தாசியா

*

சுமி, 30 ஏப்ரல் 2018

தாசியா,

மூன்று வாரமாக உனக்கு எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நிமிடம் உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருக்கிறது. அடுத்த நிமிடம் ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருக்கிறது.

என்னால் இனி ஆகாது என்று நினைத்துத்தான் இருபத்தாறு வயதில் ஓட்டத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதப் போனேன். மருந்து குடித்தவர்கள் நடுவில் வெறும் காலோடு ஓடிக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தப் போர்வையை விலக்கி நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டு பேரும் அந்த ஆளை விட்டுப் போயிருப்போம். நாலாவதாக வந்திருப்போம். நாலாவது இடத்துக்குப் பதக்கம் கிடையாது. திருப்பிக் கொடுக்கவும் வேண்டியதில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவரே பதக்கத்தைக் கழற்றி, துணியில் துடைத்து, என் கையில் கொடுத்தார். "அவங்க கொண்டுபோகட்டும். ஆணிய மட்டும் பிடுங்க மாட்டேன்" என்றார். இப்போது அதில் நாட்காட்டி தொங்குகிறது. "தாசியா சாப்பிடுறாளா?" என்றும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

நானாக எழுதும்வரை எழுதாதே. எழுதுவேனா என்று எனக்கே தெரியவில்லை. கோபத்தைச் சமாளித்துவிடுவேன். தூங்கவிடாமல் அரிப்பது வேறு. அந்தத் தொட்டி முன்னால் எத்தனை வாரம் நின்றிருக்கிறாய்! இரண்டு பாட்டிலும் உன் கையில்தானே இருந்தது? என்னுடையதைக் கொட்டின கையோடு உன்னுடையதையும் கொட்டியிருக்கலாமே, அடிப்பாவி.

உல்யா