எதிர்க்கடை மீன்

டாலியாங், ஷுன்டே
சீனா, 3 நவம்பர் 1995

அன்புள்ள யூக்லானுக்கு,

நான் நலம். நீ நலமா என்று முதலில் கேட்க வேண்டும். இருக்கிற எரிச்சலில் அது கடைசியில்தான் வரும் போலிருக்கிறது.

நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்த லிஸ்பன் பையன் ருய், சம்மதம் கேட்க நேற்றுச் சந்தைக்கு வந்தான். நானும் விடியற்காலையிலேயே கடையைத் தேய்த்துக் கழுவி, இருந்ததிலேயே கொழுத்த புல்கெண்டையை அவனுக்கென்று தனித் தொட்டியில் விட்டு வைத்திருந்தேன். வந்தான். கையில் என்ன தெரியுமா? மீன்! மீன்காரிக்கு மீன்! அதுவும் எதிர்க்கடை மாக்கிடம் வாங்கியது. என் வாடிக்கைக்காரர்களைக் கைதட்டிக் கூப்பிடுகிறானே, அதே மாக்.

பையைப் பிரித்தால் கண் வெளுத்த செத்த மீன். உயிரோடு துள்ளுகிற மீனையே வாங்குகிற நம் ஊரில் செத்த மீனை எவனாவது பெண் வீட்டுக்குக் கொண்டு வருவானா? கோழிக்கடைக்காரி சும்மா இருப்பாளா?

"என்னக்கா, ஒங்கடை மீனு நாறுதுன்னு மருமவன் அங்க போயிட்டாரா?"

சந்தையே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்!

"அறிவிருக்காடா ஒனக்கு? கண்ணு முன்னால என் கடை இருக்கு. அங்க என்னடா வேலை?" என்று கத்தினேன்.

அவனுக்கு நம் பேச்சு அரைகுறை. முகம் சிவக்க நின்றான், குனிந்து வணங்கினான், போய்விட்டான். ஒரு வாய் சாப்பிடவில்லை. மீனைப் பூனைக்குப் போட்டேன்.

இவனை வைத்துக்கொண்டு எப்படியடி குடும்பம் நடத்தப் போகிறாய்? குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள்.

உன் அம்மா


லிஸ்பன்
17 நவம்பர் 1995

அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான் ருய்யும் வந்து இறங்கினார். "உங்க அம்மாவுக்கு என்னைப் பிடிக்கல. அவங்க மனசை நோகடிச்சு நமக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்கிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை.

உன் கடையில் வாங்கினால் நீ காசு வாங்க மாட்டாய். ஒன்றும் வாங்காமல் வரவும் அவருக்கு மனசில்லை. அதனால்தான் எதிரே போனார். இன்னொன்றும் கேள். மாக் துள்ளுகிற மீனைக் காட்டிவிட்டு, செத்ததைப் பையில் போட்டதை இவர் பார்த்திருக்கிறார். ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்க அம்மா கடைக்கு எதிர்ல நின்னு நான் சண்டை போட்டா, அசிங்கம் அவங்களுக்குத்தானே?" என்றார்.

அவர் போடாத சண்டையை நீ போட்டாய். உனக்குச் சந்தைதான் பெரிது. புத்தாண்டுக்கு நான் வரவில்லை. இனி எப்போது வருவேன் என்றும் கேட்காதே.

யூக்லான்


டாலியாங், ஷுன்டே
29 நவம்பர் 1995

அடியே யூக்லான்,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. படித்ததும் கத்தியைப் பலகையில் போட்டுவிட்டு நேரே மாக் கடைக்குப் போனேன்.

"எங்க வீட்டு மாப்பிள்ளைக்கா செத்த மீனைக் கட்டிக் குடுத்தே?"

"மாப்பிள்ளையா? அன்னிக்கு நீதானே அந்த வெரட்டு வெரட்டினே?"

"என் மாப்பிள்ளை, நான் திட்டுவேன். நீ யாருடா ஏமாத்த?"

கோழிக்கடைக்காரி உட்பட எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். மாக் தொட்டியிலிருந்து பெரிய மீனாக ஒன்றைப் பிடித்து நீட்டினான். "அவரு வர்றப்ப அவரு கையில குடு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன்னைத்தான் கேட்கிறேன், உனக்குமா புரியவில்லை? வெளியாள் என்று நினைத்திருந்தால் நான் ஏன் கத்தப் போகிறேன்? பல்லெல்லாம் தெரியச் சிரித்து, டீ ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். என் திட்டிலேயே வளர்ந்தவள் நீ. அவனுக்கு இதை எடுத்துச் சொல்லாமல் கூடச் சேர்ந்து அழுதாயாக்கும்!

மாப்பிள்ளை என்று சந்தை நடுவில் நின்று சொல்லிவிட்டேன். வருகிறவர் போகிறவரெல்லாம் கல்யாணம் எப்போது என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல?

இதை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டு: மாப்பிள்ளை, நான் கத்தியது தப்பு. கிளம்பி வாங்க. அடுத்த தடவை திட்டினால் திருப்பித் திட்டுங்க, போயிடாதீங்க.

இப்படிக்கு,
உன் அம்மா,
ருய்யின் மாமியார்