ராவுத்தர் கொண்டுவந்த விளக்கு

சுங்கை சிப்புட், மலாயா
1927 ஆகஸ்ட் 14

அன்பு மகன் பெர்னார்டுக்கு,

சர்வேசுரன் கிருபையால் எனக்கு உடம்புக்குக் குறையில்லை, நாகப்பட்டினத்தில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். கடைக்கார மஸ்தான் ராவுத்தரை நம் கிறிஸ்து வேதத்தில் சேர்க்கத்தான் நான் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று இங்கே பேசுகிறார்கள், ஈப்போ சிலிபினிலிருந்து உன் தங்கை எல்ஸியும் அதையே எழுதியிருப்பாள். அது பொய். அவர் தலை உடைந்து ரோட்டில் கிடந்தார், ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் மனைவியாக இருந்த எனக்குக் கட்டுப் போடத் தெரியும், அவ்வளவுதான்.

தோட்டத்துத் தீமிதிக்கு வருஷாவருஷம் ராவுத்தர் கடை கேஸ் விளக்குதான் போகும், கோயிலில் அவருக்கு முதல் மாலை போடுவார்கள், நீ பார்த்து வளர்ந்ததுதான். இந்த வருஷம் நீ அச்சுக் கோக்கும் பத்திரிகை கப்பலில் வந்து, கள்ளுக்கடையில் உரக்க வாசிக்கப்பட்டது. முஸ்லிம் கடையில் வாங்காதே, கோயில் பக்கம் அவர்களை விடாதே என்று உங்கள் பத்திரிகை கொண்டாடும் சுவாமிகள் அங்கே மேடையில் பேசியதெல்லாம் அதில் இருந்ததாம். ராவுத்தருக்கு இது தெரியாது, வழக்கம்போல் விளக்கைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். உன்னோடு பந்து விளையாடிய சன்னாசி மறித்து, "பாய், ஒங்க வெளக்கு இனி வேணாம், பேப்பர்லயே போட்டிருக்கு" என்றானாம். இவர் சிரித்துக்கொண்டே, "அப்ப இருட்டுல குழியில விழப் போறியா லா, புடி" என்று நீட்டினாராம். கூட்டத்திலிருந்து கல் வந்தது.

இப்போது அவர் உறவினர் ஈப்போவிலிருந்து ஆள் திரட்டி வந்திருக்கிறார்கள், தோட்டத்தார் பால்வெட்டுக் கத்தியைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறார்கள், கோயில் வாசலில் சீக்கியப் போலீஸ் நிற்கிறது, தீமிதி நின்றுபோனது. உங்கள் சுவாமிகள் அங்கே கைதட்டல் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார், இங்கே கதவு தட்டினால் திறக்கப் பயப்படுகிறோம். நான் எழுதவில்லையே, எழுத்தைக் கோத்தேன், அவ்வளவுதானே என்று நீ சொல்வாய். அந்தப் பதில் எனக்குப் போதாது.

ராவுத்தருக்கு இடது கண் இன்னும் தெளியவில்லை. அந்த நிலையிலும், "தம்பி எங்க வேலை பாக்குதுக்கா?" என்று உன்னை விசாரிக்கிறார். அச்சகத்தில் என்று மட்டும் சொன்னேன். எந்த அச்சகம் என்று ஒருநாள் கேட்பார், நான் பொய் சொல்ல மாட்டேன்.

மழையில் நனையாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அந்த வேலையில் இன்னும் இருக்கிறாயா, விட்டுவிட்டாயா? யாரிடமும் சொல்லி அனுப்பாமல் உன் கையால் எழுது.

உன் அம்மா,
கெர்ட்ரூட் ஆம்புரோஸ்