ஊதாத் தக்காளியும் பாதி மீசையும்

அன்புள்ள வாலு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம், படியேறும்போது மட்டும் என் முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா தனியாகக் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். போன தடவை போனில், நான் உண்டாக்கின தக்காளிய நீங்க சாப்பிடுவீங்களாப்பா என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அப்புறம் நீ சரியாகவே பேசவில்லையாம். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மரபணு மாற்றிய தக்காளி என்று டிவியில் உன் ஊதாத் தக்காளியைக் காட்டினால் போதும், நம் சலூனில் சவரத்துக்கு வந்தவரும் சும்மா பேப்பர் படிக்க வந்தவரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தின்னா புள்ளைங்களுக்கு நோய் வரும் என்கிறார் தையல்காரர். படிச்சவங்க சோதிச்சுப் பாக்காமலா விடுவாங்க என்கிறார் மருந்துக்கடைக்காரர். எல்லாருக்கும் நான் நுரை போட்டபடி உம் கொட்டுவேன். என் மகள் வேலை அது என்று வாய் வரைக்கும் வரும், உள்ளேயே போய்விடும்.

போன வாரம் ஒரு மத்தியானம், வெயில் இந்தக் கண்ணாடியில் பட்டு எதிர்க்கண்ணாடிக்குப் போய்த் திரும்பி வந்து, கடையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல அசைந்துகொண்டிருந்தது. நாற்காலியில் பஸ் டிரைவர். சின்ன வயதில் நீ பயந்து ஓடுவாயே, அதே மீசை. கண்ணை மூடிக்கொண்டு, விதையில போய் கை வைக்கிறாங்களே, அவங்க கைய ஒடிக்கணும் என்றார். எனக்கு உன் கை ஞாபகம் வந்துவிட்டது. ஏதோ ஒரு பூவின் நிறத்தை எடுத்துத் தக்காளிக்குள் வைத்த கை. இதே கடையில் நுரையை அள்ளிக் கண்ணாடியில் பூ வரைந்த கை. கண்ணாடிக்குள் கண்ணாடியாக அந்தப் பூக்கள் ஊதா நிறத்தில் போய்க்கொண்டே இருந்தன, நானும் பின்னாலேயே நடந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் டிரைவரின் பாதி மீசை என் கத்தியில்! அவர் கண்ணைத் திறந்தார். மன்னிச்சிடுங்க, நீங்க ஒடிக்கச் சொன்னது என் மக கைய, அந்தத் தக்காளிய உண்டாக்கினவ அவதான் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது, வாலு. அவர் கண்ணாடியில் பாதி மீசையைத் தடவிப் பார்த்துவிட்டு, மீதியையும் எடுத்துடுங்க என்று முகத்தைக் காட்டினார். வாசல் வரை போனவர் திரும்பி, நான் இப்பவும் அதத் தொட மாட்டேன், ஆனா ஒண்ணு கேக்கறேன், அது இனிக்குமா புளிக்குமா என்றார். எனக்குத் தெரியவில்லை. பெற்ற அப்பனுக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது.

எனக்கும் பயம்தான், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் சாப்பிடுவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிக் கொடு, பயத்தோடேயே சாப்பிடுகிறேன். எனக்கு முன்னால் தனக்குத்தான் தர வேண்டும் என்கிறாள் அம்மா.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாயிருக்க வேண்டும். இனிக்குமா புளிக்குமா என்று மட்டும் உடனே எழுது. டிரைவர் தினமும் கடைவாசலில் பஸ்ஸை மெதுவாக்கி, மொட்டை உதட்டோடு ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போகிறார்.

உன்
அப்பா