மாடி அறைக்காரி

என்னங்க,

நான் சுகம். உங்கள் சளி விட்டதா? சின்னவளுக்கு ஆடிய பல் விழுந்ததா?

இந்த ஊரில் நடக்கிற கதை என்று என் பெட்டியில் ஒரு பழைய நாவலை வைத்தீர்களே, அதைத் தூக்கிக்கொண்டு லீவு நாளெல்லாம் தெருத்தெருவாக அலைகிறேன். அறையில் இருப்புக் கொள்ளவில்லை. கதாநாயகி கடந்த பாலம், தையல் வேலை பார்த்த சந்து எல்லாம் பார்த்தாயிற்று. நேற்று, அவள் குடியிருந்ததாகச் சொல்லும் வீட்டுக்கே போய்விட்டேன். கீழ்வீட்டு அம்மா இஸ்திரி போட்டபடியே, "மாடி ரூம்தானே? போய்ப் பாருங்க. பாவம், கடைசிவரைக்கும் அவ ஊருக்குத் திரும்பவே இல்லையே" என்றார்.

எனக்கு இன்னும் நான்கு அத்தியாயம் பாக்கி. சிரித்து வைத்தேன். மாடி ஏறவில்லை. வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நடந்தே திரும்பினேன்.

புதுச் செருப்பு கடிக்கிறது, பழையதை அனுப்புங்கள். விழுந்த பல்லை எறிந்துவிடாதீர்கள், எனக்கு வேண்டும்.

நீங்கள் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தானே தொடங்குவீர்கள்? இதையும் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைத்தீர்களா?

வார்டில் டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள்.

திரும்பி வந்து உங்களோடு சண்டை போடப்போகிற,
உங்கள் மனைவி