பிரிச்சுப் பார்க்காம சொன்ன சொல்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதறேன். இங்க நான் சுகம், உங்கப்பா சுகம், உங்கப்பாவோட வாய் எங்க ரெண்டு பேரையும் விட ரொம்ப சுகம். அங்க நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாம, நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் பேனாவை எடுத்தேன். வாரா வாரம் போன்ல பேசறோமே, இவளுக்கு என்ன திடீர்னு கடுதாசி எழுதற ஆசைன்னு நீ யோசிப்பே. போன்ல சொல்ல முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு. ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். ஒரு தடவை நானே பேச்சை மாத்தி முட்டி வலிக்குப் போயிட்டேன், இன்னொரு தடவை உங்கப்பா போனைப் பிடுங்கி மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாரு. உன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்கணும், அவ்வளவுதான் விஷயம். எதுக்குன்னு உனக்கே தெரியும். ஆனா வரிசையா சொல்லிக்கிட்டு வந்தாத்தான் எனக்கு அந்த இடம் வரும், அதனால கடைசிப் பக்கத்தை முதல்ல படிக்கிற பழக்கத்தை இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு.

நம்ம ரிப்பேர் கடை நல்லாத்தான் போகுது. நீ கேட்கமாட்டே, நானே சொல்லிக்கறேன். எல்லாரும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கறாங்கன்னு பேச்சு, ஆனா நம்ம முன்னறையில கால் வைக்க இடமில்ல. மிக்ஸி, டேபிள் ஃபேன், ஹீட்டர் எல்லாம் எப்பவும் வர்ற சொந்தக்காரங்க மாதிரி. இப்ப எண்ணெயே இல்லாம பொரிக்கிற பெட்டின்னு ஒண்ணு வருது, திறந்து பார்த்தா உள்ள ஒரு ஹீட்டரும் ஒரு ஃபேனும்தான், இதுக்கா இவ்வளவு அலட்டல்னு உங்கப்பாகிட்ட சொன்னேன், அவரு அதைத் தானே கண்டுபிடிச்ச மாதிரி வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு. வர்ற சாமானுக்கு என்ன குறைன்னு சீட்டு எழுதறது மட்டும் இன்னும் நீ பள்ளிக்கூடத்துல படிக்கும்போது ஆரம்பிச்சு வெச்ச முறைதான். சூடாகி நின்னு போற மிக்ஸிக்கு ஜுரம், விட்டு விட்டு ஓடற ஃபேனுக்கு விக்கல், தண்ணி ஒழுகற வாஷிங் மெஷினுக்கு வயித்துப்போக்கு. அந்த மெஷினோட சொந்தக்காரர் சீட்டைப் படிச்சுட்டு, எனக்கு அப்படி ஒண்ணும் இல்லையேம்மான்னு முழிச்சது ஞாபகம் இருக்கா. போன வாரம் ஒரு ஃபேனுக்கு விக்கல்னு எழுதும்போது எனக்கு நானே சிரிச்சுக்கிட்டேன்.

பழசெல்லாம் இப்ப ரொம்ப வருது கண்ணு. மோட்டாருக்குக் கம்பி சுத்தற வேலைக்குப் போயிக்கிட்டிருந்தவ நான், பொருள் விக்கிற கடையில நின்னு பேசிக்கிட்டிருந்தவரு உங்கப்பா, ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டு முன்னறையில கடை போட்டோம். அவருக்கு ஒரு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பணும்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆனா பொம்பளை கையில மெஷினைக் குடுக்கறதான்னு அப்ப எல்லாரும் தயங்குவாங்க, அதனால அறைக்கு நடுவுல ஒரு திரை. முன்னாடி அவரு, பின்னாடி நான். வர்றவங்க சொல்றதை எல்லாம் பெரிய டாக்டர் மாதிரி தலையாட்டிக் கேட்டுட்டு, ஒரு நிமிஷம், உள்ள செக் பண்ணிட்டு வந்துடறேன்னு எழுந்து வருவாரு. நான் காதுல சொல்றதை அப்படியே போய் ஒப்பிப்பாரு, அதுலயும் பாதியை மாத்திச் சொல்லுவாரு. இப்படியே எட்டு வருஷம் ஓட்டினோம். அப்புறம் நீதான் ஒரு நாள், பத்து வயசு இருக்கும் உனக்கு, அந்தத் திரையைப் பிடிச்சு ஊஞ்சலாடி கம்பியோட கீழ கொண்டு வந்தே. முன்னறை பூரா ஆளுங்க. நான் தரையில காலை நீட்டிக்கிட்டு, மடியில ஒரு மிக்ஸியை வெச்சுக்கிட்டு, வாயில ரெண்டு ஸ்க்ரூவைக் கவ்விக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். யாரும் எழுந்து போகல. ஒரு அம்மா மட்டும், அட நீங்கதானா, அதான் ஒழுங்கா ஓடுதுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் திரையை மாட்டவே இல்ல. உன்னை அன்னிக்கு ரெண்டு அடி போட்டேன், ஆனா மனசுக்குள்ள எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நீ காலேஜ் முடிச்சுட்டு, வேலைக்கு வேற எங்கயும் போகல, உன்கூடத்தான் உட்காரப் போறேன்னு வந்தியே, அந்த ரெண்டு வருஷம் மாதிரி ஒரு காலம் எனக்கு முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல. எனக்கு இடது கை, உனக்கு வலது கை, ஒரே மேஜையில ஒட்டி உட்கார்ந்தாலும் முழங்கை இடிக்காது. ஒயரை உள்ள விடும்போது நீ ஒரு முடிச்சுப் போடுவே, வெளியில யார் எவ்வளவு இழுத்தாலும் உள்ள இணைப்புல இழுப்பு விழக்கூடாதுன்னு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, உள்ள இருக்கிற கிளிப்பே ஒயரைப் பிடிச்சுக்கும் விடு, இது என்ன தலை பின்னறியான்னு கிண்டல் பண்ணுவேன். நீ பின்னிக்கிட்டே இருப்பே. உனக்கு நான் கத்துக் குடுத்த ஒரே சட்டம், பிரிக்காம பேசாதே. யார் எந்தக் குறை சொல்லிக்கிட்டு வந்தாலும், எவ்வளவு சத்தம் போட்டாலும், முதல்ல பிரி, பாரு, அப்புறம் வாயைத் திற. அந்தச் சட்டத்தை மீறினவ நான்தான்.

போன மாசம் நம்ம கடைக்கு எப்பவும் வர்ற தையல்காரம்மா வந்தாங்க. பெரிய இடமா பார்த்துக் கடையை மாத்தறாங்களாம், சாமான் ஒதுக்கும்போது துணி வெட்டற மேஜைக்கு அடியில ஒரு சாக்குல அந்தப் பழைய இஸ்திரிப் பெட்டி கிடைச்சிருக்கு. இந்தக் கனம் இப்ப வர்ற பெட்டியில எங்க இருக்கு, இதைச் சரி பண்ணித் தர முடியுமான்னு மேஜை மேல வெச்சாங்க. எனக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிஞ்சுடுச்சு. கைப்பிடி ஓரத்துல அன்னிக்குக் கருகின கருப்பு அப்படியே இருக்கு.

அந்த நாளை நான் மறந்துட்டேன்னு நீ நினைச்சிருப்பே. இல்லடி. அந்தத் தையல்காரம்மா கையில கட்டோட வந்து நின்னு கத்தினாங்க, நம்ம கடையில ரிப்பேர் பண்ணி நாலே நாள்ல பெட்டியில தீப்பொறி பறந்து கை வெந்து போச்சு, யாரோ ஒருத்தரோட கோட்டும் கருகிப் போச்சுன்னு. முன்னறையில ஏழெட்டுப் பேர். பூட்டுச் சாவி செய்யறவரும் இருந்தாரு, அவரு முணுமுணுத்தது எனக்குக் கேட்டுச்சு, பொம்பளை கைன்னா இப்படித்தான்னு. அத்தனை வருஷமா அந்த ஒரு வார்த்தை வந்துடக்கூடாதுன்னுதான் ஒவ்வொரு மெஷினையும் மூணு தடவை ஓட்டிப் பார்த்துக் குடுத்தவ நான். எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. இது என் கை இல்ல, என் பொண்ணு கைன்னு சொல்லிட்டேன். நீயும் பொம்பளைதானேன்னு அப்ப உறைக்கல. அந்த வாரம் மூணு இஸ்திரிப் பெட்டி வந்துச்சு, எதை யார் பண்ணினோம்னு எனக்கு நிச்சயமா ஞாபகம் இல்ல, ஆனா நிச்சயமா சொன்னேன். நீ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டே.

“பிரிச்சுப் பாரும்மா.”

பிரிக்க என்ன இருக்கு, எனக்குத் தெரியாதான்னு கேட்டேன். வேற ஒரு பெட்டியை எடுத்துக் குடுத்து அவங்களை அனுப்பி வெச்சேன், கருகினதை அவங்களே தூக்கிக்கிட்டுப் போனாங்க, நானும் விட்டுட்டேன். நீ ஸ்க்ரூடிரைவரை மேஜையில வெச்சே. சத்தம் கூட வரல. அடுத்த மாசமே வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்குன்னு மூட்டை கட்டினே. படிச்ச பொண்ணு, இந்தத் தூசியில எதுக்கு உட்காரணும்னு நான் ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டேன். பதினோரு வருஷமாச்சு. போன்ல என் முட்டி வலியைக் கேட்கறே, அப்பாவோட சர்க்கரையைக் கேட்கறே, பக்கத்து வீட்டுப் பூனையைக் கூடக் கேட்கறே, கடை எப்படி இருக்குன்னு மட்டும் ஒரு தடவை கேட்டதில்ல.

சரி. தையல்காரம்மா போனதும் பெட்டியை எடுத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். பின்மூடியில இருக்கிற ஒரே ஒரு ஸ்க்ரூ, அதைத் திருப்ப எனக்கு ரெண்டு நாள் ஆச்சுன்னா பார்த்துக்கோ. டீயைக் குடிச்சுட்டுப் பார்க்கலாம், இந்த ஃபேனை முடிச்சுட்டுப் பார்க்கலாம்னு தள்ளிக்கிட்டே இருந்தேன். மூணாம் நாள் காலையில கடையைத் திறந்ததும் முதல் வேலையா பிரிச்சேன். ஒரு ஒயர் இணைப்புலேர்ந்து கழண்டு கருகிக் கிடந்துச்சு. யாரோ ஒயரைப் பிடிச்சு இழுத்திருக்காங்க, இழுப்பு நேரா உள்ள போயிருக்கு. முடிச்சு இல்ல. துணி சுத்தின அந்த ஒயரோட நுனி பிரியாம இருக்க நூலால கட்டுவோமே, அந்தக் கட்டைப் பார்த்தேன். நீ சுத்தற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தியிருந்துச்சு. இந்த வீட்டுல அப்படிச் சுத்தற கை ஒண்ணே ஒண்ணுதான்.

உங்கப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எதைக் காட்டினாலும் அரை மணி நேரம் பேசறவரு, பார்த்துட்டு ஒரு தலையாட்டலோட நிறுத்திக்கிட்டாரு. உங்களுக்கு ஆச்சரியமா இல்லையான்னு கேட்டேன். அவரு மெதுவா சொன்னாரு. “அவ போன நாள்லேர்ந்து முடிச்சுப் போடாம நீ ஒண்ணைக் கூட மூடினதில்லையேம்மா.” ஸ்க்ரூ திருப்பத் தெரியாத மனுஷன் பதினோரு வருஷமா இதைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்காரு. நான் என் கையையே பார்த்தேன். உண்மைதான் கண்ணு. நீ போனதுலேர்ந்து ஃபேனோ ஹீட்டரோ, எதை மூடினாலும் உன் முடிச்சைப் போட்டுத்தான் மூடறேன். ஏன்னு என்னை நானே கேட்டதே இல்ல. கைக்குத் தெரிஞ்சிருக்கு, வாய்தான் ஒத்துக்கல. அன்னிக்குப் பிரிக்காம விட்டது நிச்சயமா தெரிஞ்சதால இல்ல. பயம். பிரிச்சா யார் கட்டு இருக்குமோன்னு பயம்.

நாலு பேர் முன்னாடி சொன்ன சொல்லை நாலு பேர் முன்னாடிதானே திரும்ப எடுக்கணும். பெட்டியைச் சரி பண்ணி, முடிச்சுப் போட்டு, தையல்காரம்மாவோட புதுக் கடைக்கு நானே தூக்கிக்கிட்டுப் போனேன். அளவு குடுக்க நாலஞ்சு பேர் நின்னாங்க, நல்லதாப் போச்சுன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரியே சொன்னேன், அன்னிக்கு உங்க கையைச் சுட்டது நான், என் பொண்ணு இல்லன்னு. அவங்க அளவு நாடாவைக் கழுத்துல போட்டுக்கிட்டுக் கிட்ட வந்தாங்க. அப்புறம் சொன்னாங்க, மறுநாள் காலையில உங்க பொண்ணு வந்துச்சேம்மா, உங்களுக்குத் தெரியாதான்னு. நீ போயிருக்கே. தப்பு என்னுதுதான், அம்மா கைமேல சந்தேகப்படாதீங்க, எப்பவும் போலக் கடைக்கு வாங்கன்னு சொல்லி, அவங்க கைக்கு மருந்து வாங்கிக் குடுத்துட்டு வந்திருக்கே. அதனாலதான் அவங்க இத்தனை வருஷமா நம்ம கடைக்கு வந்துக்கிட்டிருக்காங்க. பத்து பேரைக் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க. வர்ற வழியில சாவிக்காரரையும் விடல, அவருகிட்டயும் நின்னு சொன்னேன். அவருக்கு எந்தப் பெட்டி எந்தப் பொண்ணுன்னே ஞாபகம் இல்ல. வந்துச்சு பாரு எனக்குக் கோபம். இவருக்குப் பயந்தா நான் உன்னைப் பலி குடுத்தேன்?

என்னை மன்னிச்சுடு கண்ணு. வயசானவ, அம்மா, தெரியாம பண்ணிட்டான்னு எல்லாம் நினைச்சு மன்னிக்க வேண்டாம். பாதி தெரிஞ்சுதான் பண்ணினேன். அதையும் சேர்த்து மன்னிக்க முடிஞ்சா மன்னி. முடியலைன்னா நான் தப்பா நினைக்க மாட்டேன், எப்பவும் போல என் முட்டி வலியை மட்டும் கேட்டுட்டு வை, அதுவும் எனக்குப் போதும்.

உன் வீட்டு இஸ்திரிப் பெட்டி பொறி விடுது, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கப் போறேன்னு போன வாரம் சொன்னியே, போடாதே. இந்தக் கடுதாசியோட ஒரு சின்னப் பொட்டலம் வரும், உள்ள உன் மஞ்சள் கைப்பிடி ஸ்க்ரூடிரைவர் இருக்கு. பதினோரு வருஷமா நீ வெச்ச இடத்துலயே இருந்துச்சு, மேஜையைத் துடைக்கும்போது எடுத்துத் துடைச்சுட்டு அங்கயே வெச்சுடுவேன். முதல்ல பிளக்கைப் பிடுங்கு, பெட்டி நல்லா ஆறட்டும், அப்புறம் பிரி. குட்டி டார்ச்சைப் பிரிச்சுப் போட்டுடுச்சுன்னு திட்டினியாமே, திட்டாதே, பக்கத்துல உட்கார வெச்சுக்கோ. மாப்பிள்ளைக்கு எங்க ஆசீர்வாதத்தைச் சொல்லு. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சு, உன் வீட்டுல விளக்கும் சிரிப்பும் அணையாம, நூறு வயசு நல்லா இரு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது உங்கப்பாகிட்ட குடுக்காம நானே எடுக்கறேன். முடிஞ்சா அன்னிக்குக் கடை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேளு. நீ சொன்ன மாதிரியே பிரிச்சுப் பார்த்துட்டேன்.

அந்த இடது கை நூல்கட்டுக்குச் சொந்தக்காரி,
உன் அம்மா